அடகுக்குப் போகும் பாஸ்போர்ட்

வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கம் இப்போதெல்லாம் கல்யாண மொய்யை எண்ணி முடிப்பதற்குள் மாப்பிள்ளை பெண்ணுக்கு வெளிநாட்டு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். கொடைக்கானலோடு நின்ற தேனிலவு இன்று பட்டாயா, புக்கெட், பாலி, லங்காவி என்று கடல் தாண்டிவிட்டது. தாராளமாகப் போகட்டும். என் ஆத்திரம் போவதில் இல்லை. போய்விட்டு வந்தபின் என்னிடம் கொண்டு வந்து கொட்டும் கதைகளில் இருக்கிறது. நான்கு நாள் சுற்றுலாவில் மூன்று நாள் ஒன்றும் ஆவதில்லை. கடற்கரையில் கழிக்கும் அந்த ஒரு நாளில்தான் ஸ்கூட்டர் விழுகிறது, பாஸ்போர்ட் தொலைகிறது, ஜெட் ஸ்கீக்காரன் மிரட்டிப் பணம் பிடுங்குகிறான்.

"அங்க போலீஸ்ல எழுதிக் குடுத்தியாப்பா?" என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "இல்ல அண்ணாச்சி, மறுநாள் பிளைட்டு. ஊருக்கு வந்து பாத்துக்கிடலாம்னு வந்துட்டோம்."

ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பட்டாயாவில் நடந்த விபத்துக்கு வாசுதேவநல்லூர் காவல் நிலையத்தில் சான்று தர மாட்டார்கள், தரவும் முடியாது. அங்கே வாங்காமல் விட்ட காகிதத்தை இங்கே எந்த அதிகாரியும், எந்த வக்கீலும் உண்டாக்கித் தர முடியாது. இதை இந்தக் கட்டுரையில் மறுபடியும் சொல்லுவேன். ஒரு தடவை சொன்னால் யாரும் கேட்பதில்லை.

முதலில் ஸ்கூட்டர். தாய்லாந்துக் கடற்கரை ஊர்களில் தெருவுக்குத் தெரு வாடகை ஸ்கூட்டர் நிற்கும். கடைக்காரர் உரிமம் கேட்க மாட்டார்; பாஸ்போர்ட்டைக் கேட்பார். "பாஸ்போர்ட்டத்தான கேக்கான், சாயங்காலம் திருப்பித் தந்துருவான்" என்று நம் ஆள் எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் நகையை அடகு வைத்தால் ரசீது வாங்காமல் படியிறங்குவோமா? இங்கே ரசீதும் கிடையாது, மீட்கும்போது தொகை எவ்வளவு என்பதும் கடைக்காரர் வாயில்தான் இருக்கிறது. மாலையில் வண்டியை விட வரும்போது பக்கத்தில் ஒரு கீறலைக் காட்டுவார். பழைய கீறலா புதியதா என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. பாஸ்போர்ட் அவர் மேஜைக்குள் இருக்கிறது, விமானம் நாளைக்கு. கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. உங்கள் பெயர் அதில் இருக்கிறது, அவ்வளவுதான். அதை ஈடாக வைக்க உங்களுக்கே உரிமை இல்லை. பாஸ்போர்ட்டின் நகலும் ரொக்க முன்பணமும் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளும் கடைகள் உண்டு. ஒப்பாவிட்டால் அந்த வண்டி வேண்டாம். வாங்கும் முன் வண்டியை நான்கு பக்கமும், கடைப் பலகையும் தெரியும்படி, கைபேசியில் காணொளி எடுங்கள். கடைக்காரர் பார்க்கும்படி எடுங்கள். பாதித் தகராறு அதிலேயே ஒழிந்துவிடும்.

அடுத்தது உரிமம். இங்கே எடுத்த ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. பரிவாஹன் தளத்தில் சாரதி பகுதிக்குள் போய் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பித்து, ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டி, உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்க வேண்டியது அது. நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் சங்கரன்கோவில். செல்லுபடியாகும் உரிமம், பாஸ்போர்ட் நகல், புகைப்படம் வேண்டும். விசா தேவைப்படும் நாடென்றால் விசா நகலும் வேண்டும். ஓராண்டு செல்லும், அதற்கு முன்பே உங்கள் உரிமம் காலாவதியானால் அதோடு இதுவும் போய்விடும். அலுவலக வாசலில் இதற்கு மூவாயிரம் நாலாயிரம் கேட்கும் புரோக்கரை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் "அதெல்லாம் இங்க யாரும் கேக்கிறதில்ல" என்று அலட்டிக்கொண்டால், சாரதியில் வந்த விண்ணப்ப எண்ணைக் காட்டி நில்லுங்கள். கையில் வந்ததும் பிரித்துப் பாருங்கள்: இருசக்கர வாகனப் பிரிவு அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா? காருக்கு மட்டும் இருந்தால் ஸ்கூட்டருக்கு அது செல்லாது.

இவ்வளவு வலியுறுத்துவது போலீஸ் அபராதத்துக்குப் பயந்து இல்லை. அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். விழுந்து கால் முறிந்தால்தான் கதை வேறு. பயணக் காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். செல்லுபடியாகும் உரிமமின்றி வண்டி ஓட்டும்போது நேர்ந்த காயம், மது அருந்திய நிலையில் நேர்ந்த காயம் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். பாராசெய்லிங், ஜெட் ஸ்கீ, ஆழ்கடல் முக்குளிப்பு போன்றவை சாகச விளையாட்டுப் பட்டியலில் விலக்கப்பட்டிருக்கலாம். சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்கு அவற்றையும் சேர்த்துத் தருகின்றன. பயணமே கடற்கரைக்குத்தான் என்னும்போது கடல் விளையாட்டை விலக்கிய காப்பீட்டை எடுத்து என்ன பயன்? ஏஜென்ட் "இன்சூரன்ஸ் இன்க்ளூடட்" என்று சொன்னால் பாலிசி எண்ணையும் முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்குங்கள். விமானம் ஏறும் முன், இந்தியாவில் இருக்கும்போதே அதை எடுத்திருக்க வேண்டும். நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுமணத் தம்பதிகள் இதைக் கவனிப்பதே இல்லை.

அடிபட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் இருபத்து நான்கு மணி நேர உதவி எண்ணுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தே பேசுங்கள். முன்கூட்டித் தெரிவித்தால்தான் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு வழி பிறக்கும். தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155. அந்த 1155-இல் ஆங்கிலத்தில் பேசலாம். இலங்கை போனால் சுற்றுலாப் போலீஸ் 1912, ஆம்புலன்ஸ் 1990. எண்களைக் கைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடலில் முதலில் விழுவதே அதுதான். ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், மருந்துச் சீட்டு, போலீஸ் அறிக்கை அத்தனையும் கையில் இருக்க வேண்டும். போலீஸ் அறிக்கை தாய்லாந்து மொழியில் இருந்தால் பரவாயில்லை; முத்திரையும் எண்ணும் இருந்தால் போதும், மொழிபெயர்ப்பை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். அறிக்கையை மட்டும் இங்கே வந்து பார்த்துக்கொள்ள முடியாது.

ஜெட் ஸ்கீ தகராறு பட்டாயாவிலும் புக்கெட்டிலும் வெகுகாலமாக நடப்பது. உல்லாசமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கரைக்கு வந்ததும் அடிப்பாகத்தில் உடைசலைக் காட்டி, பெருந்தொகை கேட்டு நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். புது மனைவி முன்னால் அவமானப்பட வேண்டாமே என்று மாப்பிள்ளை ஏடிஎம்முக்கு நடப்பார். அவர்கள் கணக்குப் போடுவதே அந்தக் கூச்சத்தை வைத்துத்தான். ஏறும் முன் அடிப்பாகத்தையும் சேர்த்துக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் குரலை உயர்த்தாமல் 1155-ஐ அழையுங்கள். அழைக்கிறேன் என்று எண்ணை எடுத்தவுடனே தொகை இறங்குவதைப் பார்ப்பீர்கள். பாஸ்போர்ட்டை மட்டும் அங்கேயும் கொடுக்காதீர்கள்.

இனி பாஸ்போர்ட் தொலைந்தே போனால். இதில்தான் நம் மக்கள் அதிகம் சொதப்புகிறார்கள். ஒரே நாளில் மூன்று வேலை முடிய வேண்டும். தொலைந்த ஊரின் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அறிக்கை வாங்குவது ஒன்று. அதை எடுத்துக்கொண்டு பாங்காக்கில் சுகும்வித் 23-ஆவது சோயில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போவது இரண்டு. பட்டாயாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். சாலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். காத்திருக்க நேரமில்லை என்றால் அவசரச் சான்றிதழ் கேட்கலாம். அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்ப மட்டும்தான், ஒரு வழிப் பயணத்துக்கு. போலீஸ் அறிக்கை, பழைய பாஸ்போர்ட்டின் முதல் கடைசிப் பக்க நகல், புகைப்படங்கள், திரும்பும் டிக்கெட் எல்லாம் கேட்பார்கள். நகல் எடுத்து வைக்காதவர்கள் தங்கள் பாஸ்போர்ட் எண்ணே தெரியாமல் தூதரக வாசலில் நிற்பார்கள். இரு நகல் எடுங்கள்: ஒன்று பெட்டியில், இன்னொன்று ஊரில் அப்பா அம்மாவிடம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே ஒன்று அனுப்பி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது வேலையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் நாட்டுக்குள் நுழைந்த முத்திரை தொலைந்த பாஸ்போர்ட்டில் இருந்தது. புதிய ஆவணத்தில் அது இல்லை. தாய்லாந்துக் குடிவரவு அலுவலகத்தில் நுழைவுப் பதிவை மாற்றி எழுதி வாங்காமல் விமான நிலையத்துக்குப் போனால், கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை தொலைந்தால் சனி, ஞாயிறு தூதரகம் விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரத்துக்கான தூதரக எண் அவர்கள் இணையதளத்தில் இருக்கும். கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தூதரகத்தில் பதிலே கிடைக்கவில்லை என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளத்தில் புகாரைப் பதியலாம். 2015-இல் இதற்காகவே தொடங்கியது. பதிவு எண் ஒன்று கிடைக்கும். "பாக்கலாம் சார்" என்று இழுக்கும் அதிகாரியிடம் பேச அந்த எண் உதவும்.

ஊர் திரும்பியபின் தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக மறு வெளியீடு கேட்க வேண்டும். நமக்குத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையம். அது மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ். 36 பக்கப் புத்தகத்துக்கு, தொலைந்த வகையில், சாதாரணக் கட்டணம் 3000 ரூபாய், தட்கலில் 5000. இணைப்பு எஃப் என்ற உறுதிமொழிப் பத்திரமும் போலீஸ் அறிக்கையும் வேண்டும். வெளிநாட்டுப் போலீஸ் அறிக்கையைத்தான் சொல்கிறேன். இங்கே இணையத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிவு செய்து பிரின்ட் எடுத்து நீட்டினால், "எங்கே தொலைந்தது?" என்ற முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வீர்கள். உண்மையை எழுதுங்கள், பாங்காக் தூதரகத்தின் பதிவு அவர்கள் கணினியில் இருக்கிறது.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் நடக்கிறது. தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்தபின் பெட்டி மூலையில் பாஸ்போர்ட் கிடைத்துவிடும். "கெடச்சிருச்சே" என்று அதையே எடுத்துக்கொண்டு அடுத்த பயணத்துக்குக் கிளம்புவார்கள். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் செத்த பாஸ்போர்ட். அதைக் கொண்டு பயணிக்க முயன்றால் விமான நிலையத்தில் விசாரணைதான். அதை ஒப்படைத்துவிடுங்கள்.

கடலைப் பற்றிக் கொஞ்சம். கிணற்றிலும் குளத்திலும் நீச்சல் பழகியவர்கள் நாம். கிணற்றுத் தண்ணீர் உங்களை எங்கும் இழுத்துப் போகாது; கடல் இழுக்கும். கரையில் அலை உடைந்து திரும்பும் தண்ணீர், ஒரு குறுகிய பாதையில் வேகமாக உள்ளே ஓடும். அதில் சிக்கினால் கரையைப் பார்த்து நேராக எதிர்நீச்சல் போட்டுத்தான் பலரும் களைத்து மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியேறியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை ஆட்டுங்கள். புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை பருவமழைக் கடல். சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் தண்ணீருக்குக்கூட இறங்காதீர்கள். செல்ஃபிக்காக ஓர் அடி, இன்னோர் அடி என்று போகாதீர்கள். சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள்.

2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கையையும் மீறிக் கடலுக்குள் போன ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே மூழ்கி 47 பேர் இறந்தார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான கதை 2023 ஜூனில் நடந்தது. கல்யாணமான கையோடு தேனிலவுக்குப் பாலித் தீவு போன சென்னை டாக்டர் தம்பதி, கடலுக்குள் சென்றபோது விபத்தில் சிக்கி இருவருமே இறந்துபோனார்கள். செய்தித்தாளில் படித்துவிட்டு "பாவம்" என்று பக்கத்தைத் திருப்பினோம். உயிர்காப்புச் சட்டையை வாரிழுத்துக் கட்டாத படகில், எவ்வளவு முன்பணம் போனாலும் சரி, ஏறாதீர்கள்.

இறப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் இந்த விவரம் தெரியாமல்தான் குடும்பங்கள் நாள்கணக்கில் தவிக்கின்றன. உடலைக் கொண்டுவர அந்த நாட்டு இறப்புச் சான்று, போலீஸ் அறிக்கை, பதப்படுத்தியதற்கான சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று ஆகியவை வேண்டும். 2023 முதல் மத்திய சுகாதாரத் துறையின் இ-கேர் இணையதளம் வழியாக இந்திய விமான நிலைய அனுமதியைப் பெறுகிறார்கள். செலவு லட்சக்கணக்கில் போகும். உடலைக் கொண்டுவரும் செலவு காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொல்வது அதனால்தான். தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வசதியற்ற நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள், அதை நம்பிக் கிளம்பக் கூடாது. ஊரில் இருக்கும் உறவினர்கள் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மனுவும், சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு 1800 309 3793 என்ற எண்ணில் தகவலும் கொடுக்க வேண்டும். வேறு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

இதோடு சேர்ந்தது திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணமும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மண்டபப் பத்திரிகையும் ஆல்பமும் வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ கணவன் மனைவி என்று நிரூபிக்காது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்கத் திருமணச் சான்று கட்டாயம் என்பதை 2016 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்காக ஓடாமல், கணவன் மனைவி என்று நிரூபிப்பதற்காகப் பதிவு செய்யுங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் இனிஷியல் பழக்கம் விமான கவுன்டரில் பெருந்தொல்லை.

சில்லறை எச்சரிக்கைகள், வேகமாக. தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் எல்லாம் போலி. அங்கே இ-சிகரெட் கொண்டுபோவது குற்றம். ஓட்டல் அறையில் சீட்டாட்டமும் விளையாட்டல்ல. 2023 மே மாதம் பட்டாயா ஓட்டல் ஒன்றில் சூதாட்டத்துக்காக எண்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கைதானார்கள். "டிக்கெட் ஓசி, இந்தப் பெட்டிய மட்டும் சென்னைல குடுத்துருங்க" என்று எவனாவது சொன்னால், அது பாங்காக் கஞ்சா. பிடிபட்டால் உள்ளே போவது தம்பதிதான், கொடுத்தவன் அல்ல. நகை போட்டுப் போகிறவர்கள் புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். 2023 டிசம்பரில் இலங்கைப் பெண் ஒருவர் அணிந்திருந்த 11 பவுன் தாலியையே சென்னையில் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரியைக் கண்டித்துத் திருப்பித் தரச் சொன்னது 2025-இல்தான். வழக்குப் போட்டுத் தாலியை மீட்க வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம்.

கடைசியாக, ஏஜென்ட். வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஜிபேயில் ஒரு தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு, அங்கே போனால் சொன்ன ஓட்டல் வேறு, தந்த ஓட்டல் வேறு. நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லையும், ஓட்டல் பெயரோடு நாள்வாரித் திட்டத்தையும் எழுத்தில் வாங்குங்கள். 2020 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வரி பிடிக்கிறார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று படிவம் 26ஏஎஸ் பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம். வரவாகவில்லை என்றால் ஏஜென்ட் அதைக் கட்டினாரா என்று கேளுங்கள்.

ஏமாற்றினால் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். திருநெல்வேலி ஆணையம் தென்காசிப் பக்கத்து வழக்குகளையும் விசாரித்து வந்திருக்கிறது. ஏஜென்ட் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்த சேவைக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவு. "இது சிவில் மேட்டர்" என்று காவல் நிலையத்தில் தட்டிக் கழித்தால், மனு ரசீது கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அதே மனுவைத் தென்காசி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வாதாட அங்கே இடமில்லை. நீங்களே பேச வேண்டும். மறுப்புக் கடிதம், பாலிசி, ஆஸ்பத்திரிப் பில், பாஸ்போர்ட்டில் வெளியேறிய முத்திரைப் பக்கம், போர்டிங் பாஸ், அந்த நாட்டுப் போலீஸ் அறிக்கை ஆகியவற்றின் நகல்களோடு மனுவை அனுப்புங்கள். அசலை யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள்.